நரம்புக்குத்தான்

மங்கையர்க்கரசிக்கு நரம்புதான், வேறொன்றும் இல்லை. தில்லைநகரில் இந்த ஹாலுக்குள் வந்து உட்காரும் ஒவ்வொரு தடவையும் அவள் முதல் காரியமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது இதைத்தான். வாசலில் போர்டு இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது. டாக்டர் பேருக்குக் கீழே தமிழில் பெரிசாக என்னவோ எழுதியும் இருக்கிறது. ஆட்டோவை விட்டு இறங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று படியேறிவிட்டால் போர்டு பாட்டுக்குப் போர்டு, அவள் பாட்டுக்கு அவள். "நரம்பு டாக்டர்ம்மா, தூக்கம் வராததுக்கு நல்லாப் பார்க்கிறாராம்" என்று ஓசூரிலிருந்து மகள் தேன்மொழி போனில் சொல்லித்தான் வந்தாள். டாக்டரும் பைத்தியம் கிய்த்தியம் என்று இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தூங்குறீங்களா, சாப்பிடுறீங்களா, மனசு எப்படி இருக்கு என்பார். மனசு எப்படி இருக்கு என்று ஊர் உலகத்தில் யார்தான் யாரைக் கேட்கவில்லை, அதற்காக அவர் மனசு டாக்டர் ஆகிவிடுவாரா. வயசு அறுபதைத் தாண்டியாச்சு, புருஷன் போய் வருஷம் திரும்பிவிட்டது, நரம்பு தளராமல் என்ன செய்யும், இரும்பா அது. ஆனால் இந்த ஹால் இருக்கிறதே, இதுதான் சனியன். மாடியில் ஒரு பல் டாக்டர். அவரிடம் போகிற படி இந்த ஹாலுக்குள்ளேயிருந்துதான் ஏறுகிறது. எந்தப் புண்ணியவான் கட்டின கட்டடமோ தெரியவில்லை, பல்வலிக்காரர்கள் எல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே உட்கார்ந்திருக்கிறவர்களை ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். அவள் இருக்கிற உறையூர் என்ன காசியிலா இருக்கிறது, கூப்பிடு தூரம். உறையூரில் யாருக்கும் பல் வலிக்காதா. அதனால்தான் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் இருக்கிற கடைசி நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள். இன்றைக்கும் அதில்தான் உட்கார்ந்திருந்தாள், முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு.

உட்கார்ந்துவிட்டால் பொழுது போகவேண்டுமே. ஆட்களை எடைபோட ஆரம்பித்துவிடுவாள். இவர்கள் யாரும் நரம்புக்கு வந்தவர்கள் இல்லை, பார்த்தாலே தெரியும். அதோ காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறானே, கட்டம் போட்ட சட்டை, அவன் முழுப்பைத்தியம். அந்தக் காலை யாராவது பிடித்து நிறுத்துங்களேன், பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது. பக்கத்தில் அவன் பெண்டாட்டி, பாவம், எந்தப் பொய்யைச் சொல்லி இவன் தலையில் கட்டினார்களோ. எதிரே ஒரு அம்மாளும் பெண்ணும். அம்மாளைப் பார்த்தால் லட்சணமாக இருக்கிறாள், காட்டன் புடவை, அளவாக மல்லிகைப்பூ, பள்ளிக்கூடத்து டீச்சராக இருக்கவேண்டும். பெண் தலை வாரவில்லை, சிடுசிடு என்று போனை நோண்டிக்கொண்டிருக்கிறது, துப்பட்டா தரையில் புரள்கிறது, எடுத்துப் போடத் தோன்றவில்லை. அவ்வளவுதான், இனிமேல் இந்தப் பெண்ணை எவன் கட்டுவான். மங்கையர்க்கரசி உச்சுக்கொட்டி முடிக்கவில்லை, நர்ஸ் கதவைத் திறந்து ஒரு பேரைக் கூப்பிட்டாள். எழுந்து போனது அந்த டீச்சரம்மாள். பெண் போனைப் பையில் போட்டுவிட்டு, "பதட்டப்படாதம்மா, நான் கூடவே இருக்கேன்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனது. ஹும், வேஷம். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து ஏமாற்றுகிறார்கள். இதுகளுக்கெல்லாம் நெற்றியில் ஒரு அடையாளம் போட்டுவிட்டால்கூடத் தேவலாம், நல்லவர்கள் ஒதுங்கிப் போகலாம். அப்படி நினைத்தபோது அவள் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போய், திருநீறு கலைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.

அப்போதுதான் மதியழகன் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் தூணுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கிக்கொண்டாள். முதலில் தோன்றியது, ஐயையோ, பார்த்துவிட்டான், நாளைக்குத் தெருவெல்லாம் தெரிந்துவிடும் என்பதுதான். மதியழகன் அவள் வீட்டு மாடியில் குடியிருக்கிறவன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனர் போடுகிறவன், ராத்திரி வேலை, பகலெல்லாம் வீட்டில்தான் கிடப்பான். அவன் பல்லுக்குத்தான் வந்திருப்பான் என்று அவள் நினைத்தாள், நினைக்க ஆசைப்பட்டாள். அவன் படிப்பக்கம் திரும்பவில்லை. நேரே நர்ஸிடம் போனான், நர்ஸ் சிரித்துக்கொண்டே, "வா மதி, என்ன இந்த மாசம் லேட்டு" என்றாள். வா மதியாம்! மங்கையர்க்கரசிக்குக் காது இரண்டும் சுட்டது. ஒரு நாள் வந்து போகிறவனை நர்ஸ் இப்படியா கூப்பிடுவாள். அப்படியானால் இவன் பழைய ஆள். இவன் அது. மூன்று வருஷமாக என் தலைக்கு மேலே ஒரு பைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது, நான் கீழே குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். பேரைப் பார், மதியழகன்! காலி பண்ணச் சொல்லிவிட வேண்டியதுதான். இன்றைக்கே. வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான். தேன்மொழி வருகிறாள், குழந்தை வருகிறது, மாடி போர்ஷன் வேண்டும், இந்த மாசத்தோடு காலி பண்ணு என்று சொல்லிவிடவேண்டும். அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது, ஏனென்றால் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வர ஆரம்பித்துவிட்டது. செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவான். சத்தம் கேட்டால் உங்களுக்கு முழிப்பு வந்துடும்மா என்பான். அன்றைக்கு என்ன மரியாதையான பிள்ளை என்று பூரித்துப்போனாளே, எதற்குச் சத்தமில்லாமல் நடக்கவேண்டும், யார் அப்படி நடப்பார்கள். மொட்டை மாடியில் தனியாகப் பேசிக்கொண்டு நடப்பான். காதில் வயர் இருந்தது, அக்காவோடு பேசுகிறேன் என்றான். அக்காவா, வயர் நிஜமாகவே போனில் சொருகியிருந்ததா, யார் கண்டது. மாவு மிஷினுக்குப் போய்வரச் சொன்னால் போவான், சில்லறையைத் திருப்பித் திருப்பி எண்ணுவான். அவர் போன அன்றைக்கு… அதை நினைக்கக்கூடாது. நினைத்துவிட்டாள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்த மனுஷன் ஒருமாதிரி முனகினார், அவள் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து ஓடிவந்தவன் இவன்தான். ஆம்புலன்ஸ் சந்துக்குள் வராது என்றார்கள். அவரை அப்படியே குழந்தையைத் தூக்குகிற மாதிரி வாரி எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினான். அவர் லேசுப்பட்ட ஆளா, கரண்ட் ஆபீஸில் போர்மேனாக இருந்த மனுஷன், நல்ல ஓங்குதாங்கான உடம்பு. இந்த நோஞ்சானுக்கு அந்த பலம் எங்கிருந்து வந்தது. பைத்தியத்துக்குத்தான் அப்படி ஒரு பலம் வரும் என்பார்கள். அப்படியானால் அன்றைக்கே தெரிந்திருக்கவேண்டும். அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நீதான்டா எனக்குப் பிள்ளை என்று அழுதாளே, யாரைப் பிடித்துக்கொண்டு அழுதோம் என்று இப்போது உடம்பு கூசியது.

அதைவிடக் கொடுமை, அவனை அவள் லூசு என்றுதான் கூப்பிடுவாள். ஏ லூசு, துணியை எடுத்தியா, மழை வருது பார். ஏ லூசு, ரெண்டு தோசை சாப்பிட்டுப் போ. அவள் யாரைத்தான் லூசு என்று சொல்லவில்லை, தேன்மொழியைச் சொல்வாள், பேத்தியைச் சொல்வாள், உயிரோடு இருந்தவரை அவரையும் சொன்னாள், அது வாயில் வருகிற ஒரு வார்த்தை. அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன்னைப் பார்த்து அவன் சிரித்த மாதிரி இருக்கிறது. இனிமேல் அந்த வார்த்தையை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லவேண்டிய அவசியம் என்ன, அதுதான் காலி பண்ணப்போகிறானே. பேத்தியை வேறு அவன் மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் பொம்மை போட்டுக் காட்டினான். போன மே மாதம். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. தேன்மொழியின் மாமியாருக்கு மட்டும் இது தெரிந்தால் என்ன ஆகும். அந்த அம்மாள் ஏற்கெனவே ஒரு மாதிரி. உங்க பக்கத்துல யாருக்கும் ஒண்ணும் இல்லையே என்று நிச்சயதார்த்தத்தன்றே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டவள். ஒண்ணும் என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். மங்கையர்க்கரசி தலையை ஆட்டிவிட்டாள். செங்கமல அத்தையைப் பற்றி யார் வாயைத் திறப்பார்கள். அப்பாவின் தங்கை, புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுபோய் விடுகிற குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் வைத்திருந்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் பெருமாளுக்கு விரதம் இருக்கிறாள் என்று பாட்டி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். விரதம் முடிந்து வந்த அத்தை யாரோடும் பேசவில்லை, பின்கட்டில் உட்கார்ந்து உப்புப் பொறுக்குவாள், உப்பில் பொறுக்க என்ன இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் குட்டிம்மா என்று கூப்பிட்டுக் கையில் கல்கண்டு வைப்பாள். அதை வாங்கித் தின்றால் நமக்கும் வந்துவிடும் என்று அக்கா சொன்னதால், மங்கையர்க்கரசி கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பாள். ஒருநாள் துப்ப மனசு வரவில்லை, தின்றுவிட்டாள். இப்போது எதற்கு அது ஞாபகம் வரவேண்டும், சனியன், கல்கண்டாம். அறுபது வயசுக்குமேல் வருகிற நரம்புத் தளர்ச்சிக்கும் கல்கண்டுக்கும் என்ன சம்பந்தம்.

சம்பந்தம் இல்லைதான். ஆனால் விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் அந்த நேரத்தில்தான் அவர் ஆபீஸ் விட்டு வருவார், கேட்டைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு தடவை இருமுவார், நான் வந்தாச்சு என்று அதற்கு அர்த்தம். இப்போதும் இருமுகிறார். என்ன செய்யச் சொல்கிறீர்கள், கேட்கிறது. தெருவில் எவனோ இருமுகிறான் என்று நினைத்துக்கொள்ள எத்தனை தரம் முயற்சி பண்ணியிருக்கிறாள், கட்டின புருஷன் இருமல் தெரியாதா ஒருத்திக்கு. முதல் தடவை கேட்டபோது காபி கலக்கவே போய்விட்டாள். டிகாக்ஷன் விட்டபிறகுதான் யாருக்குக் கலக்குகிறோம் என்று உறைத்தது. அப்போது அவள் மாடியைப் பார்த்து, "மதி, கேட் திறந்து கெடக்கா பாரு" என்று குரல் கொடுத்தாள். அவன் இறங்கி வந்தான், கேட்டுக்குப் போனான், தெருவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான், "யாரும் இல்லம்மா, பூட்டித்தான் இருக்கு" என்றான். யாராவது இருக்கிறார்களா என்று அவள் கேட்கவே இல்லை. கேட் திறந்து கிடக்கிறதா என்றுதான் கேட்டாள். அவன் பதில் மட்டும் எப்போதும் யாரும் இல்லம்மா என்றுதான் ஆரம்பிக்கும். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. இவள் கேட் திறந்து கெடக்கா என்பாள், அவன் யாரும் இல்லம்மா என்பான், இவள் உள்ளே போய் விளக்கை ஏற்றுவாள். ஒருநாள்கூட அவன் ஏன் என்று கேட்டதில்லை. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், பாதிச் சட்டையோடு இறங்கி வந்துகூடப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். பாவி, அப்படியானால் இவனுக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை நாளும் என்னை அளந்துகொண்டிருந்திருக்கிறான். பாம்பின் கால் பாம்புக்குத் தெரிகிற கதையாக, சே, அதை ஏன் நினைக்கவேண்டும், அப்படிப் பார்த்தால் நானும் அதுவாகிவிடுவேனே. இல்லை, இல்லை. அவனுக்கு மூளை, எனக்கு நரம்பு. கோபம் மண்டைக்கு ஏறியது. யாரோ குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்ட மாதிரி ஒரு கோபம்.

தண்ணீர் குடிக்க வந்தவன் அவளைப் பார்த்துவிட்டான். அவன் வந்தது கேனுக்கு, தூணுக்குப் பின்னால் இவள். டம்ளர் கையில் அப்படியே நின்றது. பார்க்காத மாதிரி போயிருக்கலாம், நல்ல குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால் போயிருப்பான். இவன் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தான்.

"ஆட்டோவுலயாம்மா வந்தீங்க? சொல்லியிருந்தா நானே வண்டியில கூட்டிட்டு வந்திருப்பேனே."

"நரம்புக்கு" என்றாள் அவள். அவன் அதைக் கேட்கவே இல்லை.

"ஆமாம்மா."

"நரம்பு டாக்டர்னு தேன்மொழிதான் அனுப்பினா. தூக்கம் வரல. வேற ஒண்ணும் இல்ல."

"ஆமாம்மா, நல்லாப் பார்ப்பாரு."

அந்த ஆமாம்மா அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு என்ன?" என்றாள், குரலைத் தாழ்த்தி, ஆனால் வெடுக்கென்று.

"எனக்கு மனசுக்கும்மா. காலேஜ் படிக்கிறப்போ வந்துச்சு. யாரோ என்னைப் பத்தியே பேசுற மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும். இப்ப மாத்திரை போடுறதால தொந்தரவு இல்ல." எண்ணெய் எங்கே வாங்குகிறேன் என்று சொல்கிற மாதிரி சொன்னான். வெட்கமில்லை, மானமில்லை. கேட்குமாமே! அவளுக்கு அதற்குமேல் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்ன கேட்கும், இருமல் மாதிரியா, பேச்சு மாதிரியா, எந்த நேரத்தில் என்று ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. இந்த உலகத்தில் அவள் அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவள் கேட்கவில்லை. வாடகைக்கு வரும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாமா என்று யோசித்தாள். சொல்லியிருந்தால் வீடு கொடுத்திருப்பாயா என்று அவன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது. ஏமாற்றிவிட்டான், அதுதான் விஷயம். நம்மிடம் உண்மையை மறைத்தவனுக்கு நாம் என்ன இரக்கம் பார்ப்பது என்று அதையே பிடித்துக்கொண்டாள். மறைத்தான், மறைத்தான் என்று மனசுக்குள் சொல்லச் சொல்ல நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ அது இறங்கி வந்துகொண்டிருந்தது, கலைமணி ரூபத்தில். எதிர்வீட்டுக் கலைமணி, அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தண்டோரா வேண்டாம். பல் பிடுங்கியிருக்கிறாள்போல, ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கி வாய்க்குள் பஞ்சு. டாக்டர் பேசாதே என்று சொல்லியிருப்பார், கலைமணியிடம் அது நடக்கிற காரியமா. தூணெல்லாம் அவள் கண்ணுக்கு ஒரு மறைப்பே இல்லை. "மங்கைக்கா!" என்று கடைசிப் படியிலிருந்தே கூப்பிட்டாள். ஹாலே திரும்பிப் பார்த்தது. "என்னக்கா நீங்க இங்க? இது அந்த டாக்டராச்சே?" என்று ஒற்றை விரலைக் காதோரம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

மங்கையர்க்கரசி வாயைத் திறந்தாள். நரம்பு என்று சொல்லவேண்டும், இத்தனை நாளாக அதற்காகத்தானே அந்த வார்த்தையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள், நேரத்துக்கு அது வரவில்லை. கலைமணி கண்ணை அகலமாக்கிக்கொண்டு காத்திருந்தாள். தேன்மொழியின் மாமியார், பேத்தி, செங்கமல அத்தை, எல்லோரும் கலைமணிக்குப் பின்னால் வரிசையாக நிற்கிற மாதிரி இருந்தது.

"எனக்குத்தாங்க்கா" என்றான் மதியழகன். எழுந்து நின்று சொன்னான். "மாத்திரை வாங்க வந்தேன். தனியாப் போகாதேன்னு அம்மாதான் துணைக்கு வந்திருக்காங்க."

"உனக்கா?" கலைமணி இரண்டடி பின்னால் போனாள். போனதே தெரியாமல் போனாள். அவன் கொஞ்சம் தள்ளிப்போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான், பெண்கள் பேசட்டும் என்கிற மாதிரி. கலைமணி அவன் விட்ட நாற்காலியில் உட்காரப்போனவள், அதை ஒருதரம் பார்த்துவிட்டு உட்காராமலே குனிந்தாள். ரகசியம் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. பஞ்சு அடைத்த வாயில் ரகசியம் எங்கே வரும், கரகரவென்று ஹால் முழுக்கக் கேட்டது. "என்னக்கா இது, தலைக்கு மேல கொள்ளிக்கட்டையை வெச்சுக்கிட்டு இருக்கீங்க. எனக்கு அன்னிக்கே சந்தேகம்க்கா. அண்ணனை ஒத்தை ஆளாத் தூக்கிட்டு ஓடினானே, சும்மா இருக்கிறவனுக்கு அந்த பலம் வருமா? பைத்தியத்துக்குத்தான்க்கா வரும். செருப்பில்லாம பூனை மாதிரி நடக்கிறான். ஒரு நாளு ஒரு மாதிரி இருக்கும், தனியா இருக்கிற பொம்பள நீங்க."

எல்லாம் தன் வார்த்தை. ஒன்றுவிடாமல் சற்றுமுன் இதே நாற்காலியில் உட்கார்ந்து தான் நினைத்தது. கலைமணி வாயிலிருந்து வரும்போது அது எச்சிலும் ரத்தமும் பஞ்சுமாக வந்தது. இல்லடி, அவன் வாரி எடுத்துக்கொண்டு ஓடும்போது அவர் தலை ஆடாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடினான்டி, நான் பின்னாலேயே ஓடினேன், பார்த்தேன் என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அவ்வளவு பரிந்து பேசுகிறீர்களே, உங்களுக்கும் இந்த டாக்டருக்கும் என்ன என்று வரும். அவன் போட்டுக்கொடுத்த போர்வைக்குள் இருக்கிறாள், அதை விலக்க யாருக்கு மனசு வரும்.

"சொல்லிட்டேன் கலை" என்றாள். குரல் அவளே நினைக்காத அளவு உரக்க வந்தது. "இந்த மாசத்தோட காலி பண்ணிக்கோன்னு சொல்லிட்டேன். பாவம்னு இன்னிக்குத் துணைக்கு வந்தேன். அவ்வளவுதான். இதுகளை வெச்சுக்கிட்டு எப்படி இருக்கிறது?"

காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை. காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. கலைமணி திருப்தியாகத் தலையாட்டி, புரோக்கர் ஒருத்தர் இருக்கிறார், நல்ல குடும்பமாப் பார்த்து வைக்கலாம் என்று அடுத்த பேச்சுக்குத் தாவினாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு, கையில் ஒரு சீட்டோடு வெளியே வந்தாள். மங்கையர்க்கரசி கதவையும் கலைமணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்தது தன் பேர். அந்த நர்ஸுக்குப் பேரை முழுசாக, நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி கூப்பிட்டுத்தான் பழக்கம். மங்கையர்க்கரசி என்று உறையூரில் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். நர்ஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் மதியழகன் காலண்டரை விட்டு நகர்ந்து, நாலே எட்டில் அவளிடம் போய், தலையைக் குனிந்து என்னவோ சொன்னான். நர்ஸ் நிமிர்ந்து தூண் பக்கம் பார்த்தாள், கலைமணியைப் பார்த்தாள், சீட்டைக் கீழே வைத்துவிட்டு வேறு யாரோ ஒருவர் பேரைக் கூப்பிட்டாள். காலாட்டிக்கொண்டிருந்த கட்டம் போட்ட சட்டை எழுந்து பெண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு, திரும்பவும் வந்து உட்கார்ந்து காலை ஆட்டியது.

கலைமணியின் வீட்டுக்காரர் வெளியே வண்டியில் ஹாரன் அடித்தார். "பார்த்துக்கா, கிட்ட உக்காராதீங்க" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனாள். கதவு ஆடி நின்றது. மங்கையர்க்கரசி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் திரும்பி வந்து, முன்பு உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் இன்னும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். ஏதாவது சொல்லவேண்டும். சும்மா சொன்னேன்டா, அவ வாயை அடைக்கச் சொன்னேன், ஏ லூசு, நீ பாட்டுக்கு இரு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் அவன் இருந்தால் கலைமணி தினம் கேட்பாளே. ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்பாள், அப்புறம் மோப்பம் பிடிப்பாள், அப்புறம் ஒருநாள் ஓசூர் வரைக்கும் போகும். சொன்னது சொன்னதாகவே இருந்துவிட்டால்தான் யாருக்கும் சந்தேகம் வராது. கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்துவிட்டதில் அவளுக்கே ஒரு நிமிஷம் பயமாக இருந்தது.

"மதி" என்றாள். "அவகிட்ட…"

"பரவாயில்லம்மா. காலி பண்ணிடறேன்." அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். "எல்லா வீட்டுலயும் இப்படித்தாம்மா. முதல்ல வெளில சொல்லிட்டுத்தான் என்கிட்ட சொல்லுவாங்க. நீங்க நான் இருக்கிறப்பவே சொல்லிட்டீங்க."

குத்திக்காட்டுகிறானா, உண்மையாகத்தான் சொல்கிறானா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும், அவள் தண்ணீர் கேனைப் பார்த்தாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயில் பழகினதே இல்லை. வாயில் வந்தது வேறு.

"நான் இங்க வர்றதை யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவன் அவளை நேராகப் பார்த்தான். அந்த ஹாலுக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் முகம் சிவந்தது. "எதைம்மா சொல்லப்போறேன்" என்றான். "நீங்க நரம்புக்குத்தானே வந்திருக்கீங்க."

நர்ஸ் இந்தத் தடவை பேரைக் கூப்பிடவில்லை. தூண் பக்கம் பார்த்து, வாங்கம்மா என்று கையை மட்டும் அசைத்தாள். மங்கையர்க்கரசி எழுந்து, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, அவனைத் தாண்டி உள்ளே போனாள். டாக்டர் வழக்கம்போல் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். மனசு எப்படி இருக்கு என்றார். அதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். "சாயங்கால நேரத்துல வீட்டுல துணைக்கு இருக்காங்கல்ல?" என்று எழுதிக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்விதான், ஒவ்வொரு தடவையும் அவள் யோசிக்காமல் சொல்கிற பதில்தான். "மாடில ஒரு பையன்…" என்று அவள் வாய் ஆரம்பித்துவிட்டது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும் இல்ல" என்றாள்.

"யாருமேவா?"

"யாரும் இல்ல டாக்டர். தனியாத்தான்."

"அப்ப மாத்திரையைக் கொஞ்சம் கூட்டியே எழுதறேன்" என்றார் அவர்.